குன்னூர் ஜன்னலில் ஒரு பால்காரர்

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டி நிறையக் கறுப்பு ஸ்பாஞ்சு. அதன் நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு, தொப்பி போட்ட குட்டி மனிதனின் உருவத்தில் பள்ளம் வெட்டியிருந்தது.

"ஆளு எங்கீங்க?" என்றார்.

"கூட்டிப் போகத்தான் வந்திருக்கேன்" என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும் அவர் பார்வை பிடிக்கவில்லை.

நான் விருதுநகர்க்காரி. இருபது வருடமாக வட இங்கிலாந்தில் இருக்கிறேன். அங்கே ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் பழைய பொம்மைகளைப் பழுது பார்ப்பது என் வேலை. சில மாதங்களுக்கு முன்பு, ஒரு பழைய குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரின் பொம்மைகள் எங்களிடம் வந்து சேர்ந்தன. பொம்மையின் கையை ஒரு அரிசி அளவு நகர்த்தி ஒரு படம் எடுப்பார்கள். இன்னொரு அரிசி நகர்த்தி இன்னொரு படம். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை தானாகக் கையை ஆட்டும். அப்படி எடுத்த தொடர் அது. மலைக் கிராமம் ஒன்றில் வீடு வீடாகப் பால் போடும் ஒரு பால்காரர்தான் கதாநாயகன். ஐம்பதைத் தொட்ட வெள்ளைக்காரர்கள்கூட அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் குழந்தையாகிவிடுவார்கள்.

எங்களுக்கு வந்த பெட்டிகளில் ஆடு இருந்தது, பாதிரியார் இருந்தார், பால் வண்டி இருந்தது. பால்காரர் மட்டும் இல்லை. ஒரு சுற்றுலாப் பயணி இணையத்தில் போட்ட புகைப்படத்தில்தான் அவர் அகப்பட்டார். குன்னூரில் ஒரு வீட்டு ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வீட்டில் குடியிருந்தவர் ஹில்டா என்ற ஆங்கிலேயப் பெண்மணி. அந்தத் தொடரில் பொம்மைகளை அசைத்தவர்களில் ஒருவர். வயதான காலத்தில் குன்னூரில் தங்கிவிட்டார். போன ஆனியில் இறந்துபோனார். இப்போது வீட்டில் இருப்பது அவருக்குச் சமைத்துப் போட்ட புஷ்பம் என்ற பெண். பொம்மையைப் பற்றிக் கேட்டு நாங்கள் எழுதிய கடிதத்துக்கு "வந்து பாருங்க" என்று இரண்டே வார்த்தையில் பதில் வந்தது. பொம்மை அசல் என்றால் கையோடு கொண்டுவர வேண்டும், போலி என்றால் போலி என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். ஆறு நாள் கொடுத்திருந்தார்கள்.

போலி என்றுதான் நினைத்தேன். எதையும் முதலில் போலி என்று நினைப்பது என் தொழிலோடு வந்த வியாதி. கடையில் கொடுக்கும் மிளகைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன்.

மேட்டுப்பாளையம் தாண்டியதும் பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு படுகப் பெண்கள் திரும்பித் திரும்பி என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். எனக்குப் படுக மொழி தெரியாது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டேன். கடைசியில் கண்டக்டர்தான் சொன்னார். "உள்ள முட்டை வச்சிருக்கீங்களா, இந்தப் புடி புடிக்கறீங்களேன்னு கேக்கறாங்க."

குன்னூர் பேருந்து நிலையத்தில் என்னை அழைத்துப்போக ஹனீபா பாய் ஜீப்போடு நின்றிருந்தார். ஊட்டி மார்க்கெட்டில் கம்பளிக் கடை வைத்திருப்பவர். ஹில்டா குடியிருந்த வீடு இவருடையதுதான். வீட்டுக்காரர் எதற்கு வாடகைக்காரரின் விருந்தாளியை மெனக்கெட்டு வந்து அழைக்கிறார்? புஷ்பமும் இவரும் கூட்டா என்று எனக்குள் ஒரு கேள்வி அப்போதே முளைத்துவிட்டது.

கோத்தகிரி ரோட்டில் பாதி தூரம் போனதும் ஜீப் நின்றது. சாலைக்குக் குறுக்கே ஒரு காட்டெருமை. அசையவே இல்லை. தேயிலைச் சரிவில் இன்னும் நாலு நின்றன.

"பயப்படாதீங்க மேடம். அதுபாட்டுக்குப் போயிருமுங்க" என்றார் பாய்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அதையத்தானுங்க கேக்கோணும்."

நாற்பது நிமிடம் நின்றோம். கவாத்து என்று கத்தரித்து விட்ட தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பொம்மைத் தொடரின் மலைகளை, பச்சைச் சாயம் தோய்த்த ஸ்பாஞ்சுத் துண்டுகளைப் பலகையில் ஒட்டித்தான் செய்திருந்தார்கள். இந்த மலையும் யாரோ ஒட்டி வைத்தது போலவே இருந்தது. விருதுநகரில் மலையைப் பார்த்தால் மலை என்று நம்புவேன். இங்கே அதையும் தட்டிப் பார்க்கத் தோன்றியது.

புஷ்பத்துக்கு அறுபது வயது இருக்கலாம். ஒல்லியான உடம்பு, தலையில் கம்பளித் துண்டு. வாசலிலேயே என் பெட்டியைப் பார்த்தார்.

"அதுல என்னா?"

திறந்து காட்டினேன். அந்தப் பள்ளத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். அந்தச் சொல்லைக் கேட்டதும் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் என்று புரிந்தது. சின்ன வயதில் பதுளையிலிருந்து வந்ததாகவும், அண்ணன் கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் இருப்பதாகவும் பிறகு சொன்னார். தேநீர் பால் இல்லாமல் வந்தது. தொட்டுக்கொள்ள வர்க்கி என்ற மொறுமொறு அடுக்கு ரொட்டி. நான் பாலைப் பற்றி யோசித்தபடி முதல் வாய் குடித்தேன். இங்கிலாந்தில் இருபது வருடமாகக் குடிப்பது எதுவும் தேநீர் இல்லை என்று தெரிந்துபோனது.

பால்காரர் முன் அறையில் ஜன்னலோரம் ஒரு பலகையில் நின்றிருந்தார். காலடியில் பால் புட்டிக் கூடை. அவர் பார்வை வெளியே தேயிலை மலை மேல் இருந்தது. வலது கை மார்புப் பொத்தான் வரை உயர்ந்திருந்தது. கைக்குப் பக்கத்தில், மெழுகு உருண்டையில் குத்தி நிறுத்திய கம்பளி பின்னும் ஊசி ஒன்று, அவர் விரலைத் தொடுவது போல நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த ஊசி பிடிக்கவில்லை. எதிர்ச் சுவரில் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டி, முன்பக்கத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. அதுவும் பிடிக்கவில்லை.

"அந்தப் பெட்டியில என்ன?"

"கரண்டு சாமான்" என்றார் புஷ்பம்.

மறுநாள் காலை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் போட்டார். காரம் காதில் ஏறியது. சாப்பிட்டு முடித்ததும் பொம்மையைப் பரிசோதித்தேன். பலகைக்கு அடியிலிருந்து காலில் திருகு ஏறியிருந்தது. தொப்பியைத் தூக்கினால் பழுப்பேறிய பசை. கழுத்துத் துணிக்குக் கீழே, ரப்பரில், செய்தவரின் கட்டைவிரல் ரேகை. எங்கள் பாதிரியார் பொம்மையின் கழுத்திலும் அதே ரேகையைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது, அசல்தான்.

நியாயமாக என் சந்தேகம் அங்கே முடிந்திருக்க வேண்டும். முதல் நாள் மாலை எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கை உயர்ந்திருந்தது. ஒரு அரிசி அளவுதான். ஆனால் உயர்ந்திருந்தது.

"பொம்மையை யாராவது தொட்டீங்களா?"

"தூசி தட்டியிருப்பேன்" என்றார் புஷ்பம். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அன்று ஊட்டிக்கு ஒரு வேலையாகப் போன ஹனீபா பாய் என்னையும் அழைத்துக்கொண்டார். மார்க்கெட்டில் கேரட்டும் முட்டைக்கோசும் குவிந்து கிடந்தன. என் மனம் அந்தப் பூட்டிய பெட்டியிலேயே இருந்தது. பாயிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஏனுங்க மேடம், அது அந்த அம்மா வச்சதுங்க. நானே தொறந்து பார்த்ததில்லீங்க" என்றார். கேள்வி முடிவதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. தயாராக வைத்திருந்த பதில்.

மூன்றாம் நாள் காலை கை இன்னும் ஒரு அரிசி மேலே இருந்தது. அப்போதுதான் என் மூளை ஒரு கதையைக் கட்டியது. பால்காரர்கள் இருவர். ஒருவர் அசல், இன்னொருவர் நகல். எனக்குக் காட்டுவது அசல். நான் கிளம்பும்போது என் பெட்டிக்குள் போகப்போவது நகல். மாற்றி மாற்றி வைத்துப் பழகுகிறார்கள், அதனால்தான் கை ஒரே இடத்தில் நிற்பதில்லை. இரண்டாவது ஆள் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறார். அந்த ஓட்டை அவர் மூச்சு விட என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். எவ்வளவு தூரம் போயிருக்கிறேன் பாருங்கள்.

புஷ்பம் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து முன் அறைக்குப் போனேன். உயர்த்திய கையோடு நின்றால் பழைய ரப்பர் அக்குளில் வெடித்துவிடும், கை கால்களைத் தொங்கவிட்டு ஓய்வாக வைக்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் விதி. பால்காரரின் கையைப் பக்குவமாக இறக்கி உடம்போடு சேர்த்தேன். ஊசியையும் மெழுகையும் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். அவர் மேல் மெல்லிய வெள்ளைத் தாளைப் போர்த்தினேன். கடமையைச் செய்த திருப்தியோடு ஒரு வர்க்கி எடுத்துச் சாப்பிட்டேன். மாலையில் திரும்பிய புஷ்பம் சமையலறையிலேயே இருந்துவிட்டார். முன் அறைப் பக்கம் வரவில்லை.

நான்காம் நாள் காலை ஆறரைக்கு ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். ஏதோ கீழே விழுந்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் புஷ்பம் தரையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாள் அவர் மடியில் கிடந்தது. பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து.

"கைய எறக்கிட்டீங்களே" என்றார்.

"அந்தப் பெட்டியைத் திறங்க. இன்னொரு பொம்மை உள்ளதானே இருக்கு?" என்றேன். இதைச் சொன்னதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அவர் எழுந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு காமிரா இருந்தது. அதன் கண் அந்த வட்ட ஓட்டை வழியாக ஜன்னலையும் பால்காரரையும் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டிக் கதவின் உட்புறம் முழுக்கத் தாள்கள் ஒட்டியிருந்தன. கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஒரு குட்டிப் பால்காரர். ஒவ்வொருவர் கையும் முந்தினவர் கையை விட ஒரு இழை மேலே. கடைசிச் சில வரிசைகள் தவிர எல்லாக் கட்டங்களிலும் சிவப்பு மையில் குறி போட்டிருந்தது.

"ஹில்டா தொரசானி ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சாங்க" என்றார் புஷ்பம். "நாளுக்கு ஒரு படம். காலையில ஆறரைக்கு. எங்க தோட்டத்துல பெரட்டு எடுக்குற நேரம் அது. அதனால நான் பெரட்டுன்னே சொல்லுவேன், ஆளு வந்தாச்சான்னு பேரு கூப்புடுறது. தொரசானியும் அப்பிடியே சொல்லப் பழகிட்டாங்க."

ஒரே நாளில் எடுத்து முடிக்கக்கூடிய காட்சிக்கு ஏன் இரண்டு வருடம் என்று நான் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பால்காரருக்குப் பின்னால் உண்மையான மலை இருக்கிறது. மழையும் மூடுபனியும் கவாத்தும் கொழுந்தும் அதன் மேல் வந்து போகும். அவர் அத்தனையையும் பார்த்தபடி ஒரே ஒரு முறை கை உயர்த்தி, தொப்பியைத் தொட்டு, வணக்கம் சொல்லிவிட்டு இறக்குவார். தன் கடைசிப் படத்தை ஹில்டா அப்படி எடுக்க நினைத்திருக்கிறார்.

"கை நடுங்க ஆரம்பிச்சதும் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ஊசி முனையில நேத்து கை இருந்த எடம் இருக்கும். அதுல இருந்து ஒரு அரிசி தூக்கணும். ஊசிய எடுத்துட்டுப் படம். மறுபடி புது எடத்துல ஊசி."

அசைவை அளக்கும் அந்த மாதிரிக் குறிமுள் எங்கள் அருங்காட்சியகத்தில் இரண்டு இருக்கிறது. பித்தளையில் செய்தவை. கண்ணாடிக்குள் வைத்து, அது எதற்கு என்று விளக்கச் சீட்டை எழுதியதே நான்தான். வேலையில் இருக்கும் குறிமுள்ளைப் பார்த்து, குப்பை என்று பிடுங்கிப் போட்டவளும் நானே.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"பொட்டியோட வந்தீங்க. அதுல குழியும் வெட்டிக் கொண்டாந்திருந்தீங்க" என்றார். "குடுக்க மாட்டேன்னு சொல்லல. முடிஞ்சதும் அவங்க ஊருக்கே அனுப்பிரணும்னுதான் தொரசானியும் சொன்னாங்க. ஆனா முடியணும். பதுளையில நான் பள்ளிக்கூடத்துல இருக்கையில வந்து கூப்பிட்டாங்க. உங்க ஊருக்குப் போங்கன்னாங்க. பாதிக் கணக்குல எந்திரிச்சு வந்தேன். அது எந்த ஊருன்னுகூட எனக்குத் தெரியாது. பாதியில கூட்டிட்டுப் போறது என்னான்னு எனக்குத் தெரியும்."

குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்தேன். ஊசி வர்க்கித் தூளுக்குள் கிடந்தது. மெழுகு உருண்டை நசுங்கியிருந்தது. பலகையில் அது இருந்த வட்டத் தடம் மட்டும் மிச்சம்.

"அக்கா, நேத்து எடுத்த படத்தைக் காட்டுங்க" என்றேன். அதுவரை அவரை நான் எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை.

அந்தக் காலை முழுக்க அதே வேலை. அவர் காமிராவில் நேற்றைய படத்தையும் இன்றைய காட்சியையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சொல்வார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்குவேன். "மேல. இன்னும். ஐயோ, கூடிப்போச்சு. எறக்குங்க." தோள் சரியானால் முழங்கை தப்பும். முழங்கை சரியானால் சுண்டுவிரல் தப்பும். பொம்மையைப் பழுது பார்க்கத் தெரிந்த எனக்கு அதை நிற்கவைக்கத் தெரியவில்லை. புஷ்பம் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. மதியம் சோறு வடிக்கக்கூட அவர் நகரவில்லை. ஹனீபா பாய் வந்து எட்டிப் பார்த்தார். நிலைமையைப் புரிந்துகொண்டு, கடையிலிருந்து பரோட்டா வாங்கி வந்து சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். என்னிடம் மட்டும் மெதுவாக, "தொறந்து பார்த்ததில்லீன்னு பொய்தானுங்க சொன்னேன். தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

இரண்டு மணி சுமாருக்கு அக்கா, "இதுதான்" என்றார். அதற்குள் வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டுக் கையை ஒரு அரிசி தூக்கினோம். படம் எடுத்தாயிற்று. கட்டத்தில் சிவப்புக் குறி விழுந்தது.

"ரெண்டு வருசத்துல இன்னிக்குத்தான் லேட்டு" என்றார்.

"ஹில்டா இறந்த அன்னிக்கு?"

"அன்னிக்கும் ஆறரைக்குப் பெரட்டு நடந்துச்சு. படத்த எடுத்துட்டுத்தான் டாக்டருக்குப் போன் பண்ணேன்."

பிறகு காமிராவின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு எல்லாப் படங்களையும் ஓட்டிக் காட்டினார். உள்ளங்கை அளவுத் திரையில் பால்காரர் கூடையைக் கீழே வைத்தார், நிமிர்ந்தார், ஜன்னல் பக்கம் திரும்பினார். பின்னால் மலை பச்சையாகி, வெளுத்து, காணாமல் போய், திரும்ப வந்தது. அங்கங்கே ஜன்னல் கண்ணாடியில் ஒரு நரைத்த தலை மின்னி மறைந்தது. காமிராவுக்குப் பக்கத்தில் நிற்பவரின் நிழல் கண்ணாடியில் விழுந்துவிட்டிருக்கிறது. தொழில் தெரிந்தவர்கள் அதை விடமாட்டார்கள். ஹில்டா விட்டிருக்கிறார். நரைத்த தலை அடிக்கடி வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. பிறகு வரவில்லை. கம்பளித் துண்டு கட்டிய தலை வந்தது. அது எந்த நாளில் மாறியது என்று நான் கேட்கவில்லை. அழுதேன்.

கடைசிப் படத்தில் கண்ணாடியில் ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் இருந்தது. அதற்கு மேலே புருவத்தைச் சுருக்கி, கண்ணை இடுக்கி, எதையோ திருட்டுத்தனமாகப் பார்ப்பது போல ஒரு முகம். நான்தான்.

"இதை அழிச்சிட்டு வேற எடுப்போம் அக்கா" என்றேன்.

"எதுக்கு? வந்தது வந்தாச்சு" என்றார்.

அன்று மாலை என் மேலதிகாரிக்கு எழுதினேன். பொம்மை அசல். இப்போது பயணம் செய்யும் நிலையில் இல்லை. காட்சி நடுவில் இருக்கிறது. மிச்சக் கட்டங்களை எண்ணினால் தையில் முடியும், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பதில் உடனே வந்தது. அந்தப் பெண் என்னை ஏமாற்றவில்லை என்று எனக்கு நிச்சயமா என்று கேட்டிருந்தார். ஒரு வாரம் முன்பு நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். எனக்கு நிச்சயம் என்றும், தையில் என் சொந்த விடுமுறையில் வருவேன் என்றும் பதில் போட்டேன். கோபம் வந்தது என்பதையும் எழுதினேன், பிறகு அந்த வரியை மட்டும் அழித்தேன்.

மீதி இரண்டு நாளும் ஆறரைக்கு எழுந்துவிட்டேன். என் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கண்ணாடியில் விழாமல் தள்ளி நின்று பார்த்தேன். கிளம்பும் நாளில் கை காலர் வரை வந்திருந்தது. அக்கா வர்க்கியும் சம்பலும் கட்டிக் கொடுத்தார். பெட்டி காலியாகத்தானே போகிறது என்று பொட்டலத்தை அந்தப் பள்ளத்திலேயே வைத்து அழுத்தினார்.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் அதே அதிகாரி இருந்தார். பெட்டியைத் திறந்தார். குட்டி மனிதன் படுக்க வேண்டிய பள்ளத்தில் வர்க்கிப் பொட்டலம் கிடந்தது. அதைத் தூக்கிப் பார்த்தார், ஸ்பாஞ்சைத் தட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"ஆளக் கூட்டீட்டுப் போறதாச் சொன்னீங்க?"

"வேலையில இருக்கார்" என்றேன். "தை மாசம்தான் லீவு."